வெளுத்த தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் உதவியாளராக இருந்தேன். அக்கா பாரிட் புந்தார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தாள். அங்கே புதிதாகப் போட்ட குழாய்க்கிணற்றில் தண்ணீர் பால் கலக்காத தேத்தண்ணி மாதிரி வந்தது. சோறு பழுப்பாக வெந்தது. பிள்ளைகளின் பள்ளிச் சட்டை மஞ்சளாகிக்கொண்டே போனது.

"நீ இந்த வேலைதானே பாக்குற, கொஞ்சம் பாரேன்லா," என்று அக்கா ஒரு போத்தலில் பிடித்துக் கொடுத்தாள்.

மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு சோதித்தேன். சேற்றுத் தண்ணீர் என்றால் படிகாரம் போட்டுக் கலக்கியதும் அழுக்கு திரண்டு அடியில் இறங்கிவிடும். இதில் எவ்வளவு போட்டும் நிறம் அசையவில்லை. இது மண் இல்லை. சதுப்பில் காலங்காலமாக மக்கிய இலையும் வேரும் கரைந்து வந்தது. கொஞ்சம் அமிலம் விட்டுப் படிகாரம் போட்டேன். பாதி பழுப்பாகத் திரண்டு இறங்கியது. மீதி இளமஞ்சளாக அப்படியே நின்றது. அந்த மீதி என்ன வகை என்று பிரித்துப் பார்க்க எங்களிடம் கருவி இல்லை. அமிலமும் படிகாரமும் போட்டபின் கரி வழியாக வடித்தால் பெரும்பாலும் போகும் என்று தோட்டத்துக்கு எழுதிக் கொடுத்தோம். அதுவரை அதைக் குடிக்காதே என்று அக்காவிடம் சொல்லியிருந்தேன்.

தோட்டத்து மேனேஜர் அதில் எதையும் செய்யவில்லை. குளோரினை அள்ளிப் போடச் சொன்னார்.

அடுத்த முறை நான் போனபோது தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். அக்கா கொடியில் கிடந்த சட்டையை எடுத்து விரித்தாள்.

"பாரு, எப்படி வெளுத்திருக்கு! எல்லாம் உன்னாலதான்."

குழாய்த் தண்ணீரைப் பிடித்து முகர்ந்து பார்த்தேன். மருந்து நெடி. நிறம்தான் வெளுத்திருந்தது. கரைந்தது போகவில்லை, குளோரினோடு சேர்ந்து வேறு ஏதோவாக மாறியிருந்தது. அது உடம்புக்கு ஆகாது என்ற பேச்சு அப்போதுதான் கிளம்பியிருந்தது.

"அக்கா, இதக் குடிக்காத. மழைத்தண்ணி பிடிச்சு வை."

"மழை இல்லாத நாள்ல?"

சட்டையை அவள் கையிலிருந்து வாங்கிக் கொடியில் போட்டேன்.

"கலரா இருந்தப்பவும் குடிக்காதன்ன. இப்பவும் குடிக்காதன்னா நாங்க எதத்தான் குடிக்கிறது?" அவள் குரலில் கோபம்கூட இல்லை.

தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியிடம் போய்ச் சொன்னேன். "யாரும் கம்ப்ளேன் பண்ணலியே தங்கச்சி, அப்புறம் என்னா?" என்றார். உண்மைதான், யாரும் பண்ணவில்லை.

எண்பதுகளில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். அதுவரை லயத்தில் எல்லோரும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். கிணறு இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். அக்கா ஈப்போவிலேயே புந்தோங்குக்கு வந்துவிட்டாள். அவளுக்கு லேசாக வயிறு வலித்தாலும் நான் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். அந்தத் தண்ணீராலா, வேறெதனாலா, யாராலும் சொல்ல முடியாது. அவளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பேச்சு தோட்டத்துப் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்கிறேன்.