ஏகாம்பரம் சுரண்டச் சொன்ன தெரு

முதலில் வெட்கக்கேடான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கான்ட்ராக்டர் ஏகாம்பரம் போய்விட்டார் என்று எதிர்வீட்டு லாட்ஜ்காரர் பழனிவேல் போனில் சொன்னதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "ஐயோ, அப்போ நம்ம பின்வாசல்?" என்பதுதான். தளம் போடுவதற்காக அவர் வெட்டி வைத்த பள்ளம் என் வீட்டுப் பின்வாசலில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. என் மனைவி துணி காயப்போட ஒரு பலகையின் மேல் சர்க்கஸ்காரி மாதிரி நடந்து போய்க்கொண்டிருந்தாள். பழனிவேல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "மண்ணு உக்காரட்டும் சார், அப்புறம் வேற யாரையாவது பார்க்கலாம்" என்றார். மண் உட்காரட்டும் என்பது ஏகாம்பரம் தினமும் சொல்கிற வார்த்தை. செத்துப்போனவரின் வசனத்தைத் திருடிப் பேசியவர் ஒருவர். பள்ளத்தை நினைத்துப் பதறியவன் இன்னொருவன். இந்தத் தெருவின் துக்கம் இந்த லட்சணத்தில்தான் தொடங்கியது.

கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயவைக்கும் களத்துக்குச் சிமென்ட் தளம் போட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் பாலம் கட்டியவர் அல்ல, நான்கு வழிச் சாலை போட்டவரும் அல்ல. வீட்டு வாசல், சந்து, கடைக்கு முன்னால் சரிவு, கிரிவலப் பாதையில் மழைக்குப் பெயர்ந்த இடத்தில் ஒட்டு, இவ்வளவுதான். ஒரு கலவை மெஷின், கையால் இழுக்கிற ஒரு ரோலர், ஊர்ப்பக்கத்திலிருந்து வரும் ஏழெட்டு ஆட்கள். செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் நம் தெருவில் அவர் கை படாத வாசல் கிடையாது.

அவர் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் ஏறுவதற்கு மூன்று படி இருந்தது. இப்போது இறங்குவதற்கு இரண்டு படி இருக்கிறது. வீடு அங்கேயேதான் இருக்கிறது. தெருதான் பழைய தாரின் மேல் புதுத் தாராகப் போட்டுப் போட்டு வளர்ந்துவிட்டது. கடைசியாக அவரை எடுத்துப் போன நாளில், தூக்கியவர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன், அவரை நாம் வீட்டிலிருந்து தெருவுக்கு இறக்கவில்லை, மேலே ஏற்றினோம். பழனிவேல் பின்னாலிருந்து, "பாத்து, பாத்து, மேல ஏத்து" என்றார். தன் வீட்டிலிருந்து வெளியே வர ஒரு மனிதர் சாய்ந்து, சரிந்து, நாலு பேர் மூச்சு வாங்க மேலேற வேண்டியிருந்தது. வெளியே வந்தால் 'உழைப்பின் சிகரமே' என்று ஒரு பேனர். அதில் கைகூப்பி நின்ற தெருப் பெரியவர்களின் படங்கள் அவர் படத்தைவிடப் பெரியவை. அந்தப் பெரியவர்கள் எல்லாரும் ஒரு வருஷம் அவருக்கு எதிராக மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

வேலைக்கு விலை சொல்வதற்கு முன் அவர் டேப்பை எடுக்க மாட்டார். ஒரு சொம்பு தண்ணீர் கேட்பார். முதல் முறை வந்தபோது குடிக்கக் கேட்கிறார் என்று நினைத்து என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதையும் வாசலில் ஊற்றிவிட்டுக் குந்தி உட்கார்ந்து பார்த்தார். "மோருதான் ஜாஸ்தி வசதி மா. வெள்ளையா, போற வழி நல்லா தெரியுது" என்றார். மோர் நேராகப் பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துப் போனது. எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. நம் ஊர் வழக்கப்படி பக்கத்து வீட்டைவிட ஒரு சாண் உயரமாக என் வாசலைத் தூக்கித் தரும்படி கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் மோரோடு போனது.

"நீங்க தூக்கிட்டா அவங்க வீட்டுக்குப் போவும். அடுத்த வருஷம் அவங்க தூக்குவாங்க, உங்க வீட்டுக்கு வரும். தண்ணிக்கு மாமன் மச்சான்லாம் தெரியாது சார். பள்ளம்தான் தெரியும்."

வாசலை அவர் தூக்கவில்லை. தெருப்பக்கம் சரித்துவிட்டுப் போனார். என் வாசல் கம்மி உயரமாக இருப்பதாக மூன்று மாதம் புலம்பினேன். அந்த வருஷ மழையில் வாசல் நனைந்ததோடு சரி.

புனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். சொன்ன நாளில் அவர் வந்ததே இல்லை. "வந்துட்டே இருக்கேன் சார்" என்று போனில் சொல்வார், பின்னால் வேறு ஊரில் கலவை மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்கும். நான் அதைக் கேட்டுவிட்டேன் என்று சொன்னால், "அது உங்களுக்காகத்தான் சார் கலக்குறேன்" என்பார். வாயைத் திறந்தால் வசவு. ஆனால் தார் விஷயத்தில் ஒரு பைத்தியம் உண்டு. கிரிவலப் பாதையில் ஒட்டுப் போட்டால், சூடு தணிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் நடந்து பார்ப்பார். ஆட்களையும் நடக்கவைப்பார். பௌர்ணமிக்கு ஊரே செருப்பில்லாமல் வரும், ஒரு ஜல்லி முனை நின்றால் ஆயிரம் பாதத்தைக் கிழிக்கும் என்பது அவர் கணக்கு. ஒரு தடவை வேடிக்கை பார்க்க நின்ற என்னையும் நடக்கச் சொன்னார். சூடு தணிந்துவிட்டதாக அவர் பாதம் முடிவு செய்திருந்தது, என் பாதம் அப்படி நினைக்கவில்லை. நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து சித்தாள் பெண்கள் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். "சார் காலு ஆசிரமத்துக் காலு, இன்னும் ஒரு மணி நேரம் உடுங்க" என்று அவர் வேலையை நிறுத்தினார். என் மென்மையான பாதம் ஊருக்குச் செய்த ஒரே சேவை அது.

இப்போது மனு. இதற்கு முந்தைய முறை, ஒரு கார்த்திகை தீபத்துக்கு முன்னால், நம் தெருவுக்குத் தார் போடும் வேலை ஏகாம்பரம் கைக்கு வந்தது. அவர் கடப்பாரையோடு வந்தார். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டு அந்த உயரத்திலேயே புதிதாகப் போடுவேன் என்றார். இரண்டு வீட்டு நீளம் பெயர்த்திருப்பார்கள், பழனிவேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தீபத்துக்கு அறையெல்லாம் புக் ஆகிவிட்டது, இந்தக் குழியில் கெஸ்ட் எப்படி சூட்கேஸை இழுத்து வருவார் என்று கேட்டார்.

"இப்ப சூட்கேஸ்தான் கஷ்டப்படும். மழை வந்தா கெஸ்ட்டே மெதப்பாரு, பரவால்லயா?" என்றார் ஏகாம்பரம்.

"மேல ஒரு கோட்டிங் போட்டுட்டுப் போய்யா. ஊரெல்லாம் அப்டித்தான போடறாங்க?"

"ஊரெல்லாம் பள்ளத்துல கெடக்குதுன்னுதான நானும் சொல்றேன்."

அதன் பிறகு அவர் சொன்னவற்றை அச்சில் போட முடியாது. மறுநாள் தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டு நகராட்சிக்கு மனு போனது, வேலையை இழுத்தடிக்கிறார் என்று. என் கையெழுத்து அதில் இல்லை. அதைத் தைரியம் என்று எண்ண வேண்டாம். அன்று நான் வேலூரில் ஒரு பட்டிமன்றத்தில் உட்கார்ந்திருந்தேன். வேலை இன்னொருவருக்குப் போயிற்று. அவர் ஒரே பகலில் பழையதன் மேல் புதியதை ஊற்றிவிட்டுப் போனார். தெருவே கைதட்டியது. ஜனங்கள் பளபளப்பைப் பார்த்தார்கள். எவரும் தன் வாசற்படியைக் குனிந்து பார்க்கவில்லை.

தீபம் முடிந்து வந்த மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. தெரு மேட்டிலும் வீடுகள் கிண்ணத்திலும் இருந்தால் வேறெங்கே போகும்? பழனிவேலின் கீழ் அறையில் ஒரு வெளிநாட்டு மூதாட்டி கட்டிலின் மேல் சம்மணமிட்டு அமர்ந்திருந்தார். தியானம் என்று நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, இறங்க வழியில்லை. மோட்டாரோடு வந்தது யார் தெரியுமா? ஏகாம்பரம். தண்ணீரை இறைத்துக்கொண்டே, "அந்த மனு எங்கய்யா? கொண்டா, கப்பல் செஞ்சி உடலாம்" என்று திட்டிக்கொண்டிருந்தார். பழனிவேல் போய் டீ வாங்கி வந்து கொடுத்தார். அந்த நேரத்தில் தெருவின் தாழ்ந்த கோடியில் இருந்த ஏகாம்பரத்தின் வீட்டில் அவர் மனைவி சரோஜா அம்மா அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். நம்மில் ஒருவரும் போய் எட்டிப் பார்க்கவில்லை. நானும்தான்.

இவ்வளவும் பழைய கதை. என் ரத்தம் கொதிப்பது போன வாரத்துக்காக. காரியத்தன்று அவர் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். பாயசம் வந்தது. தெருவுக்கு மறுபடியும் தார் போட உத்தரவு வந்திருப்பதாகப் பழனிவேல் சொன்னார். தீபத்துக்குள் முடிக்க வேண்டும், தோண்டினால் லேட்டாகும், மேலேயே போட்டுவிடலாம் என்றார். செத்தவரின் வீட்டில், செத்தவரின் சோற்றைத் தின்றுகொண்டு, அந்தத் தாழ்ந்த கூடத்தில் உட்கார்ந்து! தலையாட்டியவர்களின் பெயரை எழுதினால் நீங்கள் எல்லாரும் உங்கள் பெயரைத் தேட வேண்டியதில்லை, இருக்கும். சரோஜா அம்மா பாயச வாளியோடு நின்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு தரம் மேல போட்டா என் வாசக்கால் பாதி ரோட்டுக்குள்ள போயிடும். நான் எந்த வழியா வெளிய வர்றதுன்னு கேட்டுச் சொல்லுங்க."

அடுத்த இலைக்கு அப்பளம் போயிற்று.

நம் தெரு போடும் தீப மலருக்கு ஏகாம்பரம் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். வழக்கம்போலச் சிரிக்கச் சிரிக்க எழுதுங்கள் என்றீர்கள். மன்னிக்கவும், வழக்கம் இந்த முறை வராது. 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுத மாட்டேன். ஈடு செய்ய முடியும், கடப்பாரை போதும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டால் அந்த அம்மாளின் கதவு வெளிப்பக்கம் திறக்கும். அவ்வளவுதான் நாம் அவருக்குக் கட்டவேண்டிய மண்டபம். பேனரைக் கழற்றி, மழைக்கு என் பின்வாசல் பள்ளத்தின் மேல் போர்த்துங்கள், பிரயோஜனப்படும். மேலேயே ஊற்ற வண்டி வந்தால் ரோலருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன். படுக்கலாம்தான், இந்த வயதில் படுத்தால் எழுப்ப ஆள் தேட வேண்டும்.

ஏகாம்பரத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அவருடைய கோபத்தைத்தான். அவர் யாரைத் திட்ட வேண்டுமோ அந்த ஆளின் முகத்துக்கு நேரே திட்டுவார், திட்டிக்கொண்டே அந்த ஆள் வீட்டுத் தண்ணீரை இறைத்து முடிப்பார். எனக்குக் கோபம் வந்தால் அதை ஒரு ஜோக்காக்கி, யாருக்கும் வலிக்காமல் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன். இந்த ஒரு கோபத்தை அப்படிச் செய்வதாக இல்லை.

எழுதி முடித்ததும், தப்பு ஏதாவது இருக்கக் கூடாதே என்று சரோஜா அம்மாவிடம் போய்ப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். எல்லாம் சரிதான், ஒன்று மட்டும் விட்டுப்போச்சு என்றார்.

"இந்தத் தெருவுல சுரண்டாம மேல போடறத ஆரம்பிச்சதே அவருதாங்க. எங்க கல்யாணத்துக்கு நாலு நாள் இருந்துச்சி. மாப்ள ஊர்வலத்துக்கு ரோடு ரெடியாவணும்னு, அப்டியே மேல ஊத்திட்டாரு."