ஸ்கேன்காரர் மகளின் படத்தைப் பார்த்தது

ஸ்கேன்காரருக்கு வேலையே படம் எடுப்பதுதான். வாயை மட்டும் திறக்கக் கூடாது. மருத்துவமனைச் சட்டம் அப்படி. திரையில் கட்டி கண்ணுக்கு நேரே தெரியும். படுத்திருந்தவர் எழுந்ததும், "என்ன சார் தெரியுது?" என்பார். "டாக்டர்தான் சொல்லணும்" என்று இவர் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டுவார். கட்டியே இல்லாவிட்டாலும் அதே பதில்தான்.

மகள் ஓவியக் கல்லூரியில் சேர்ந்த பிறகு வீட்டில் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. அவளோடு பேச ஒரு வழி வேண்டுமே என்று, ஓவியம் பார்க்கக் கற்றுத்தரும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் இவரும் போய் உட்கார்ந்தார். முதலில் எல்லாப் படத்தையும் மூக்கு உரசப் பார்த்தார். "கட்டி தேடாதீங்க சார்!" என்று அலுத்துக்கொண்டார் வகுப்பெடுத்த அம்மாள். புள்ளி புள்ளியாக வரைந்ததைத் தள்ளி நின்று பார்க்க வேண்டும். உருவமே இல்லாத படத்தில், இது என்ன என்று கேட்காமல், அது நம்மை என்ன செய்கிறது என்று கவனிக்க வேண்டும். மனிதர் ஒருவழியாகத் தேறிவிட்டார்.

ஒரு நாள் மகளே கூப்பிட்டுத் தன் படத்தைக் காட்டினாள். உருவம் எதுவும் இல்லை. சாம்பல் நிறத்தின் மேல் சாம்பல் நிறமாக அப்பியிருந்தது. கீழ் மூலையில் நகத்தால் கீறிய தடங்கள். தள்ளி நின்று பார்த்தார். இது என்ன என்று தேடவில்லை. பிள்ளைக்கு மனசு சரியில்லை என்பது பளிச்சென்று புரிந்தது.

"என்னப்பா தெரியுது?" என்று அவர் முகத்தையே பார்த்தபடி கேட்டாள்.

என்னம்மா ஆச்சு என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். பாழாய்ப்போன வாய் பழகியதைச் சொன்னது: "டாக்டர்தான் சொல்லணும்."

அப்பா கேலி செய்கிறார் என்று நினைத்து அவள் களுக்கென்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தாள்.

இவரும் சிரித்துத் தொலைத்தார்.