எண்பது கிலோவுக்கு ஒரு ஸ்பிரிங்

மலைப்பனியில் ஓட்டும் என் ஸ்னோமொபைலுக்கு, குலுக்கல் தாங்கும் ஷொக் வாங்க இன்று லவால் நகரக் கடைக்குப் போனேன்.

காற்று அடிக்கும் எயார் ஷொக்கா, ஸ்பிரிங் சுற்றிய காயிலா என்று போன குளிர்காலம் முழுக்க எனக்கும் என் மனைவி நிரோவுக்கும் சண்டை. எயார் பாரம் குறைவு என்பேன். "குளிருக்குக் காத்து இறங்கும். காயிலைப் போடுங்கோ" என்பாள்.

அவள் இல்லாமல் போனபின் இது முதல் பனி. காயிலே போடலாம் என்று போனேன்.

கடைக்கார அண்ணைக்கு எங்கள் இருவரையும் தெரியும். காயில் என்றால் ஓட்டுபவரின் நிறைக்கு அளவாக ஸ்பிரிங் எடுக்க வேண்டும். நிறை கேட்டார்.

"எண்பது."

ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, அது அந்தப் பிள்ளை சமைச்சுப் போட்ட காலத்து நிறை."

பார்சல் நிறுக்கும் தராசில் ஏற்றினார். அறுபத்தெட்டு.

"அப்ப எயாரைப் போடுவம் அண்ணை. நிறைக்கேற்ற மாதிரிக் காத்தைக் கூட்டிக் குறைக்கலாம்."

"இல்லை, பிள்ளை சொன்னதைத்தான் போடுறம். எண்பதுக்கே ஓடர் பண்ணுறன். ஸ்பிரிங் வருமட்டும் ஞாயிறு ஞாயிறு வீட்டை சாப்பிட வாரும்."

ஆளுக்கேற்ற ஸ்பிரிங் என்றுதான் எஞ்சினியரிங்கில் படித்தேன், ஸ்பிரிங்குக்கேற்ற ஆள் என்று அல்ல. ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு கிலோ ஏற வேண்டும். ஞாயிறு சரி, மற்ற நாட்களில் யார் வீட்டில் புட்டு?