கண்ணால் பார்த்த சொல்

தையல்காரம்மாவின் விரல்கள் தன் அண்ணனின் கால்சட்டைப் பொத்தான்களைப் பிரித்துக்கொண்டிருந்தன. இனி பொத்தானுக்குப் பதில் எலாஸ்டிக். பக்கவாதத்தில் வலது கை விழுந்தவருக்கு அதுதான் வசதி. ஆனால் கழிவறை வரை நடந்தால்தானே எலாஸ்டிக்குக்கு வேலை? கட்டிலிலிருந்து அது கூப்பிடு தூரம்கூட இல்லை. அண்ணன் பாதியிலேயே நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிடுவார். பிறகு தங்கையான தையல்காரம்மாதான் சிறுநீர்ப் பாத்திரம் பிடிக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். தோளில் தூக்கி வளர்த்த தங்கை அல்லவா?

தையல்காரம்மாவுக்கு ஒரு பைத்தியம் உண்டு. அளவுக் காகிதம் வெட்டப் பழைய ஆங்கிலச் செய்தித்தாள்தான் வாங்குவார், தாள் அகலம். கத்தரி சட்டைக் கையின் வளைவில் திரும்பும்போது தெரியாத சொல் கண்ணில் பட்டால் வேலை நின்றுவிடும். எழுத்துக்கூட்டிப் படித்து, அந்தத் துண்டை வெட்டியெடுத்து, வருவோர் போவோரிடமெல்லாம் பொருள் கேட்பார். பொருள் தெரிந்தால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்கவும் வேண்டும். பார்த்த பிறகே சொல் குண்டூசியோடு திரைச்சீலையில் ஏறும். அதுவரை பொத்தான் டப்பாவில் கிடக்கும். ‘டிரிஸில்’ ஒரு தூறலன்று ஏறியது. ‘ஸ்டேல்மேட்’ என்ற முட்டுக்கட்டைக்கு எதிர்வீட்டுப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு வாரம் பேசாமலிருந்து உதவினார்கள். தெருவில் அவருக்கு ‘அகராதி’ என்று பெயர். எந்த அர்த்தத்தில் என்று அவர் கேட்டதில்லை.

அன்று பிசியோதெரபி பெண் வந்ததும் ஒரு துண்டை நீட்டினார்.

“இது என்ன பாப்பா, செகண்ட் விண்ட்?”

“ரெண்டாவது மூச்சு. ஓடுறவங்களுக்கு வரும்க்கா. மூச்சு முட்டி, இனி ஆகாதுன்னு தோணும். அதையும் தாண்டினா புதுசா ஒரு தெம்பு வரும்.”

“எங்கேயிருந்து?”

“யாருக்குத் தெரியும்!”

கட்டிலிலிருந்து அண்ணன் குழறினார்: “எனக்கு மொத மூச்சுக்கே... வழியில்ல. இவளுக்கு... ரெண்டாவது வேணுமாம்!”

“வாய் மட்டும் நல்லா நடக்குது. எந்திரிண்ணே.”

ஒற்றைக் கை வாக்கரை இடது கையால் பிடித்து நடந்தார். பாதி வழியில் முழங்கால் உதறியது.

“நாற்காலி.”

தங்கை கெண்டைக்காலில் படும்படி நாற்காலியைப் பின்னால் வைத்தார். அண்ணன் உட்காரவில்லை. இரைக்க இரைக்க நின்றார். வியர்வை மூக்கிலிருந்து சொட்டியது.

“தள்ளு அதை.”

இதுவரை தரையைத் தேய்த்த வலது காலைத் தூக்கி வைத்தார். மறுபடியும் வைத்தார். இடது கை கழிவறைக் கதவு நிலையைத் தொட்டது.

எத்தனையோ முதுகுகளுக்கு அளவெடுத்தவர் தையல்காரம்மா. ஒரு முதுகு உள்ளிருந்து நிமிர்வதை அன்றுதான் பார்த்தார். முன்பின் தெரியாத எவனோ, எந்த ஊரிலோ, இதே நொடியைக் கண்டு அதற்கொரு பெயரும் வைத்திருக்கிறான்! அந்தப் பெயர் எத்தனை வாய் கடந்து, பழைய தாள் கட்டோடு இந்த அறைக்குள் வந்து காத்துக் கிடந்திருக்கிறது! துண்டை எடுத்துத் திரையில் குத்தினார்.

மறுநாள் காலை தங்கை கண் விழித்தால் கட்டில் காலி. வாக்கரைக் காணோம். கழிவறைக் கதவு சாத்தியிருந்தது.

“தாழ்ப்பாளா போட்டே? விழுந்தா எப்படித் திறப்பேன்?”

“போடி... போய் வேலையைப் பாரு.”

அண்ணன் வெளியே வந்து உட்காரும்வரை தங்கை வாசலைவிட்டு நகரவில்லை. பிறகு திருப்புளியை எடுத்து உள் தாழ்ப்பாளைக் கழற்றினார். தட்டாமல் இந்தக் கதவைத் திறக்க மாட்டேன் என்று அண்ணனின் தலையிலடித்துச் சத்தியம் செய்தார்.