ஜன்னலோர இடம்

நம்பினால் நம்புங்கள், கண்ணுகளா. இதில் ஒரு சொல்கூட நான் சேர்த்துச் சொல்லவில்லை. என் கண்ணால் பார்த்தது, என் காதால் கேட்டது.

அப்போது நூல் மில்லில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். வீட்டில் மாமியாரிடம் ஆறு மாதக் கைக்குழந்தை. மாலைச் சங்கு ஊதியதும் ஸ்டேஷனுக்கு ஓட்டம்தான். ஆறு இருபது வண்டியை விட்டால் அடுத்தது ஒன்பதரைக்கு. அதுவரை பிள்ளை பாலுக்குக் கத்தும்.

எனக்கு இடம் பிடித்துத் தருவது என் சிநேகிதி. ஸ்பின்னிங் பிரிவு. உயரமானவள், அதனால் நெட்டை என்போம். வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகப் பச்சைக் கைக்குட்டையை எறிந்துவிடுவாள். என் பிள்ளை பிறந்ததும் முதலில் கையில் வாங்கியவளும் அவள்தான். ஆனால் ஜன்னலோரம் மட்டும் தரமாட்டாள்.

“ஒருநாள் விடேன்டி.”

“செத்தாலும் தரமாட்டேன். வேணும்னா மடியில உக்காந்துக்க.”

அன்று மழை இருட்டு. பேக்கிங்கின் பின்வாசல் வழியாக ஓடி வந்தேன். ஸ்டேஷன் கடிகாரத்தில் ஆறு பத்து. பிளாட்பாரத்தில் மில் ஆட்கள் ஒருவரும் இல்லை. வண்டி மட்டும் நின்றிருந்தது. அதுவும் பத்து நிமிடம் முன்னதாக...

ஜன்னலில் நெட்டை. பக்கத்தில் பச்சைக் கைக்குட்டை.

“சீக்கிரம் வா. இடம் பிடிச்சிருக்கேன்.”

ஸ்பின்னிங்கிலிருந்து வருகிறவள் தலையில் ஒட்டுப் பஞ்சுகூட இல்லை. முடியெல்லாம் ஈரம். குளித்துவிட்டு வந்தவள் மாதிரி...

“மத்தவங்கல்லாம் எங்கடி?”

“வருவாங்க. நீ ஏறு.”

எஞ்சின் சத்தம் இல்லை. பெட்டிக்குள் விளக்கு இல்லை. கைப்பிடிக்குக் கையை நீட்டினேன்.

அவள் நகர்ந்தாள்.

“ஜன்னலோரம் நீ உக்காரு.”

என் கை அப்படியே நின்றது.

“பிள்ள அழும்டி...” என்றேன். ஏன் சொன்னேனோ.

“அழட்டும்.”

ஓரடி பின்னால் வைத்தேன்.

ஹாரன்.

காற்று.

தட... தட... தட...

நிற்காத எக்ஸ்பிரஸ் ஒன்று அதே தண்டவாளத்தில் போனது. அவள் உட்கார்ந்திருந்த இடத்தின் வழியாகவே.

போனபின் பார்த்தேன். பெட்டி இல்லை. வெறும் தண்டவாளம்.

போர்ட்டர் ஓடி வந்தார். “யாரும்மா அங்க? வெறும் தண்டவாளத்தப் பாத்து யார்கிட்ட பேசிட்டிருந்தே?”

மறுநாள் காலையில்தான் தெரிந்தது. மதியமே மிஷின் பெல்ட் அவளை இழுத்துவிட்டிருக்கிறது. ஐந்து மணிக்கு மில் ஆஸ்பத்திரியில் உயிர் போயிருக்கிறது. சங்கு ஊதியதும் முன்வாசலில் சேதி கேட்டு ஆட்களெல்லாம் அங்கேதான் போய் நின்றிருக்கிறார்கள். பின்வாசல் வழியாக ஓடி வந்த எனக்குத்தான் தெரியவில்லை. தலையில் ஒட்டியிருந்த பஞ்சையெல்லாம் கழுவிக் குளிப்பாட்டினார்களாம்.

அவள் தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள்.

“கடைசி வரைக்கும் உன் பேச்சுதான்க்கா. ‘அவளுக்கும் இடம் பிடிக்கணும், அவளுக்கும் இடம் பிடிக்கணும்’னே சொல்லிட்டிருந்தா.”

எப்பேர்ப்பட்ட சிநேகிதம் என்று எல்லாரும் அழுதார்கள். எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

இடுப்பில் இருந்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.