வடிகட்டிய தண்ணீர்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, பூனாகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் குளம் பச்சையாகிப்போனது. பாசியில் நஞ்சிருக்கலாம், கொதிக்கவைத்தாலும் போகாது என்று பதுளையிலிருந்து தண்ணீரைச் சோதிக்க வந்த மிஸ் சொல்ல, நாங்கள் குடியிருந்த லயத்துக்கு வரும் குழாயை மூடிவிட்டார்கள். பிறகென்ன, பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலிதான் கதி. பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்து அம்மா இரண்டு நடை குடம் தூக்கி மேடேறினாள். அவள் தோளுக்குத் தைலம் தேய்ப்பது என் வேலை.

பரிசோதனையில் நஞ்சில்லை என்று வந்தால் குழாயைத் திறக்கலாம் என்றார் மிஸ். அடுத்த பரிசோதனைக்கென்று பழுப்புநிறப் போத்தலொன்றைத் தோட்டத்துக் குழாய்த் தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். சித்தப்பா விடிகாலையில் குளத்தில் மொண்டு, எங்கள் வீட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். மூடியைத் திறந்து, தண்ணீர் பச்சையாகக் கிடந்ததைப் பார்த்த எனக்கு வெட்கமாயிருந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில், வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை எங்கள் மாஸ்டர் பின்வரிசை வாங்கில் ஒளித்துவைப்பார். பள்ளிக்கூடத்துக்கு நல்ல பெயர் கிடைக்கும். தண்ணீருக்கும் பரிசோதனைதானே? பழைய வெள்ளைத் துணியொன்றை நாலாக மடித்து மூன்று தரம் வடிகட்டினேன். பெருமை தாங்கவில்லை.

மாலையில் மிஸ் வந்து போத்தலைப் பெட்டிக்குள் வைக்கும் நேரம் பார்த்து, அம்மா வாய் திறந்தாள். கொடியில் பச்சை பிடித்துக் கிடந்த துணி அவள் கண்ணில் பட்டுவிட்டது.

“மிஸ், அத எடுத்துட்டுப் போகாதீங்க. புள்ள துணியில வடிகட்டிருச்சு.”

யாழ்ப்பாணத்துக்காரரான மிஸ் என்னைத் திட்டவில்லை. “பாசிய எடுத்தா நஞ்சு குறைச்சுத்தான் காட்டும், பிள்ளை. குளத்தில இருக்கிறது அப்பிடியேதான் இருக்கும்,” என்று சொல்லிவிட்டு, தானே குளத்துக்குப் போய் வேறு தண்ணீர் எடுத்துக்கொண்டார்.

நஞ்சிருக்கிறது என்றே முடிவு வந்தது. மழை பெய்து குளம் தெளிய இன்னும் ஒரு மாதமானது. தோட்டத்திலேயே பெரிய விஞ்ஞானி நான்தான் என்று சித்தப்பா கேலி செய்தார். எனக்கோ அம்மாமேல் ஆத்திரமாக வந்தது. அவளுக்காகச் செய்ததை அவளே காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை. சோறு மட்டும் சாப்பிட்டேன்.

அம்மா குடத்தோடு மேடேறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே முதல் செம்பை எனக்குத்தான் நீட்டினாள். பல் கூசுகிறதென்று குறை சொல்லிக்கொண்டே குடித்தேன். மிஸ்ஸிடம் அவள் ஏன் சொன்னாள் என்பது மட்டும் எனக்கு விளங்கவேயில்லை.