எடுப்பதற்கு முன் எரிந்த அடுப்பு

2025 செப்டம்பர் 9, செவ்வாய்க்கிழமை. அக்கா வழக்கம்போல விடியுமுன் எழுந்து வாசல் தெளித்தார். டீ போட்டு எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். செல்போனில் சார்ஜ் ஏறியிருக்கிறதா என்று இருமுறை பார்த்தார். அங்கன்வாடிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தெருக்கோடியில் உள்ள மையத்துக்குப் புறப்பட்டார். நான் செஞ்சிக் கடைத்தெருவில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதுகிறவன். பஸ் பிடிக்க நானும் அவரோடு நடந்தேன்.

"கவிதா புள்ளைக்கு இன்னைக்கு எடை போடணும்டா. போன மாசம் ஏறவே இல்ல. அதே நெனப்பா இருக்குது."

"ஊர்ப் புள்ளைங்க எடையெல்லாம் உன் தலமேலதான்க்கா."

"என் தலயில ஏறினா இன்னா, புள்ளைக்கு ஏறினா போதும்."

அக்கா பிறந்தது மண்டகப்பட்டில். நைனா சீக்கிரமே காலமாகிவிட்டார். அம்மா மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை ஆயக் கூலிக்குப் போவார். கூலி கிடைக்காத நாளில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த நாட்களில் அக்கா தன் பள்ளிக்கூடச் சத்துணவில் பாதியை வட்டிலில் மூடி எனக்குக் கொண்டுவருவார். இந்த ஊருக்கு மருமகளாக வந்து, கைக்குழந்தையோடு இருக்கும்போதே மாமாவை இழந்தார். அதன் பிறகுதான் அங்கன்வாடி வேலை கிடைத்தது. மகனைப் படிக்க வைத்து ஓசூரில் வேலைக்கு அனுப்பினார். நான் தனியாளானதும் என்னையும் தன் வீட்டுக்கே அழைத்துக்கொண்டார்.

அக்கா எதற்கும் பயப்படுகிறவர். முட்டை வண்டி தாமதமானால் வாசலுக்கும் தெருவுக்குமாக நடப்பார். மழை பெய்தால், மாவு மூட்டையில் ஈரம் ஏறியிருக்குமோ என்று குடையோடு ஓடுவார். உதவியாளர் இடம் காலியாகி வெகு நாட்கள் ஆனதால் சமையலும் அவரே. ஆனாலும் இந்த ஓராண்டில் அவரை அதிகம் வாட்டியது கவிதாவின் குழந்தைதான்.

பால் கொடுக்கும் தாய் என்பதால் கவிதாவுக்கு அரசின் சத்துமாவு பாக்கெட் உண்டு. மாதம் தவறாமல் அவருடைய மாமியார் வந்து வாங்கிப் போவார். குழந்தையோ தேறவில்லை. அண்மையில், தாயே நேரில் வந்து அக்காவின் செல்போன் கேமராவில் முகம் காட்டினால்தான் பாக்கெட் என்று ஆனது. கவிதா வந்தார். "எப்டி கிண்டி சாப்புடற?" என்று அக்கா கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டார். அன்று மாலையே அக்கா அவர்கள் வீட்டுக்குப் போனார். நானும் உடன் இருந்தேன். மாட்டுத் தொட்டியில் அந்தச் சத்துமாவைக் கரைத்து வைத்திருந்தார்கள்.

மாமியார் மறைக்கவில்லை. "மாட்டுக்கு வெச்சா பாலாவுது டீச்சர். இவளுக்கு வெச்சா இன்னா ஆவுது?"

"இவளுக்கு வெச்சாலும் பால்தான் ஆவும். உன் பேரன் குடிப்பான்."

அக்கா சத்தம் போடவில்லை. புகார் எழுதினால் அந்த வீட்டில் அடி விழுவது கவிதாவுக்குத்தான் என்ற பயம். அந்த வீட்டில் மாமியார் சாப்பிட்ட பிறகே மருமகள் தட்டைத் தொட வேண்டும். அது அக்காவுக்குத் தெரியும். வெந்நீர் வைக்கச் சொல்லி, மாவில் வெல்லம் சேர்த்து உருண்டை பிடித்து, முதல் உருண்டையை மாமியாரிடமே கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்குது. மாட்டுக்கு இந்த வாசனை வரலியே?"

"மாட்டுக்கு வெல்லம் போட்டியா நீ?"

இரண்டாவது உருண்டையைக் கவிதா தின்றார். அன்று முதல் தினமும் அக்கா வேலை முடிந்து அந்த வழியாகவே வீடு திரும்பினார். கவிதா தின்று முடிக்கும்வரை நின்றிருப்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம், மையத்தைப் பூட்டும்போது அக்காவுக்கு நெஞ்சு அடைத்தது. ஆட்டோவில் செஞ்சி மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். நான் கடையிலிருந்து ஓடினேன். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது: "புள்ளைக்குக் கொஞ்சம் ஏறியிருக்குதுடா."

"சரிக்கா. பேசாத இரு."

"எனக்கு ஒண்ணு ஆச்சுனா, எடுக்கற வரைக்கும் தெருவுல அடுப்பு மூட்ட மாட்டாங்க. கவிதா வெறும் வயித்தோட பால் குடுப்பா. மையத்துப் புள்ளைங்க வேற."

"வாய மூடுக்கா," என்றேன். சாயங்காலம் அவர் போய்விட்டார்.

அன்று ஓடி வந்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், மருத்துவமனையில் கடைசிவரை முயன்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பக்கத்து ஊர்களிலிருந்து வந்து அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திய அங்கன்வாடிச் சகோதரிகளுக்கும், பந்தலில் எங்களோடு உட்கார்ந்திருந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவர் என்ன செய்தார் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன்.

மறுநாள் புதன்கிழமை விடிந்தது. ஓசூரிலிருந்து மகன் வந்து சேரவே மதியம் ஆகும். எடுப்பது அதற்குப் பிறகுதான். தெருவில் ஒரு வீட்டிலும் புகை இல்லை. பெரியவர்களுக்கு டீக்கடையிலிருந்து டீ வந்தது. அக்கா சொன்னது என் காதில் இருந்துகொண்டே இருந்தது. கூடப்பிறந்தவனே போய் "அடுப்பு மூட்டுங்கள்" என்று சொன்னால் ஊர் என்ன நினைக்கும்? சொல்லாமல் விட்டால் அக்காவுக்கு என்ன பதில்? எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன்.

அப்போது கவிதாவின் மாமியார் வந்து என் எதிரே நின்றார். "தம்பி, பால்வாடி சாவி எங்க?"

அக்காவின் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாமா வழிப் பங்காளிப் பெரியவர் ஒருவர் தடுத்தார். "எடுக்கறதுக்கு முன்ன அடுப்பா? இன்னா பழக்கம் இது?"

"மாட்டுக்கு விடிகாலையிலயே தீனி வெச்சுட்டு வந்தேன். அதுக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. புள்ளைங்களுக்கு மட்டும் சாவு கணக்கா? டீச்சரே ஒத்துப்பாங்க. நீ உக்காரு."

பெரியவர் என்னைப் பார்த்தார். "எரியட்டும் மாமா," என்றேன்.

மையத்தின் கதவு திறந்தது. வெந்நீர் கொதித்தது. பிள்ளைகளின் தட்டுகளைக் கழுவி வரிசையாக வைத்துவிட்டு, அந்த அம்மாள் உருண்டை பிடித்தார். கவிதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாமியார் சாப்பிடட்டும் என்று வாசற்படியிலேயே நின்றார். மாமியார் தன் வாயில் எதுவும் போடவில்லை. முதல் உருண்டையை மருமகள் கையில் வைத்து, அவர் தின்று முடிக்கும்வரை அங்கேயே நின்றிருந்தார்.